வலையிலிருந்து நிழற்படத்துக்கு: யாழ்ப்பாணக் குடாநாட்டு வண்ணத்துப்பூச்சிப் பதிவுகளின் வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மாரிமழை ஓய்ந்து வெயில் எறிக்கத் தொடங்கும் மார்கழி, தை மாதங்கள் வண்ணத்துப்பூச்சிகளுக்குரிய காலமாகும். தொண்டைமானாற்றுக் கரையோரமும், மணற்காட்டு மணற்குன்றுகளின் அடிவாரமும், சுண்டிக்குளத்து உவர்நிலப் பற்றைகளும், ஊர்களை இணைக்கும் ஒழுங்கைகளும் அக்காலத்தில் அவற்றின் நடமாட்டத்தாற் பொலிவு பெறுகின்றன. அண்மைக் காலமாக இத்தகைய பாதைகளிலே கமராவோடோ கைத்தொலைபேசியோடோ மெல்ல நடந்து, பூவிலும் ஈரமண்ணிலும் அமரும் வண்ணத்துப்பூச்சிகளைப் படம்பிடிக்கும் வழக்கம் இளைஞரிடையே வளர்ந்து வருகின்றது. இதனை வெறும் பொழுதுபோக்கு எனக் கொள்வோர் உளர். பொழுதுபோக்கு என்பது உண்மையே. ஆயினும், இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடைபெற்றுவரும் ஒரு பதிவு முயற்சியின் அண்மைக் கட்டமாகவும் அது விளங்குகின்றது என்பது பலராலும் உணரப்படுவதில்லை.

அப்பதிவு முயற்சியிலே குடாநாடு பெற்ற இடம் யாது, அதனைச் செய்தோர் யாவர், அது இடையில் அறுந்தது ஏன், பாதையோரத்தில் எடுக்கப்படும் ஒரு நிழற்படம் எந்நிலையில் வரலாற்றுச் சான்றாகும் தகுதியைப் பெறுகின்றது ஆகிய வினாக்களுக்கு விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பெயரிட்டோரும்

உயிர்களை நுணுகி நோக்கி வகைப்படுத்தும் மரபு தமிழருக்குப் புதியதன்று. தொல்காப்பியத்து மரபியல் உயிர்களை அவற்றின் அறிவின் அடிப்படையிற் பகுத்து, நண்டையும் தும்பியையும் நான்கறிவுயிராக ஒருங்கு வைத்துப் பேசுகின்றது. எனினும், வண்ணத்துப்பூச்சிகளைப் பொறுத்தவரை, பொதுப்பெயர் ஒன்றே பெருவழக்காக இருந்து வந்துள்ளது. யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கில் அது ‘வண்ணாத்திப்பூச்சி’ என்றும் வழங்கும். வேலியோரம் பறக்கும் சிவப்பும் கருமையும் கலந்ததனையும், எருக்கலையில் அமரும் செம்மஞ்சள் நிறத்ததனையும் மக்கள் வேறுபடுத்திக் கண்டனர். ஆயின், ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் இட்டு ஏட்டில் எழுதும் தேவை எழவில்லை.

அத்தேவை ஐரோப்பாவில் எழுந்தது. சுவீடன் நாட்டு அறிஞரான லினேயசு 1758இல் வெளியிட்ட தமது நூலின் பத்தாம் பதிப்பில் விலங்குகளுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டினார். தென்னாசியாவிலிருந்து சென்ற வண்ணத்துப்பூச்சிகள் சிலவும் அந்நூலில் இடம்பெற்றன. மார்பிற் சிவப்புக் குறியுடைய கரிய இனங்களுக்கு அவர் கிரேக்கக் காவியத்துத் திரோய் நகர வீரரின் பெயர்களைச் சூட்டினார். குடாநாட்டு வேலிகளிற் சாதாரணமாகக் காணப்படும் செவ்வுடலுடைய இனம், இவ்வாறே ‘எக்டர்’ என்னும் இளவரசனின் பெயரைப் பெற்றது. எலுமிச்சை, தோடை மரங்களை நாடும் ‘டெமோலியஸ்’, கறிவேப்பிலையை நாடும் ‘பொலிற்றெஸ்’, எருக்கலையை நாடும் ‘கிறிசிப்பஸ்’ ஆகியனவும் அதே ஆண்டில் அதே நூலிற் பெயர் பெற்றவையே.

லினேயசின் மாணவரான கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். 1785இல் இறக்கும்வரை அவர் தமிழ்நாட்டுக் கரையோரத்திலும் அயல்நாடுகளிலும் சேகரித்த தாவரங்களும் பூச்சிகளும் ஐரோப்பிய அறிஞர்களைச் சென்றடைந்தன. அவரிடமிருந்து பூச்சிகளைப் பெற்றோருள் பபிரீசியசு முக்கியமானவர். குடாநாட்டின் வரண்ட பற்றைகளுக்குச் சிறப்பாயுரிய ‘கொலோட்டிஸ்’ சாதியின் இனங்களான ‘டனாயே’, ‘அமாட்டா’ ஆகிய இரண்டுக்கும் 1775இற் பெயரிட்டவர் இவரே. பாக்கு நீரிணையின் இரு கரையிலும் ஒரே வரண்ட நிலச்சூழல் நிலவுவதால், இப்பூச்சிகள் இரு கரைக்கும் பொதுவானவையாக உள்ளன. எனவே, யாழ்ப்பாணத்து வண்ணத்துப்பூச்சிகளின் எழுத்துவரலாறு யாழ்ப்பாணத்திலன்றி, உப்சாலாவிலும் தரங்கம்பாடியிலும் கோப்பன்கேகனிலும் தொடங்கிற்று எனலாம்.

வலையும் ஊசியும் தூரிகையும்

இலங்கைத் தீவினுள்ளே முறையான சேகரிப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருப்பெற்றது. 1846இல் இலங்கைக்கு வந்து அரசாங்க சேவையில் அமர்ந்த எட்கார் லேயாட் என்பார் பறவைகளையும் பூச்சிகளையும் ஆர்வத்தோடு சேகரித்தவர். அவர் பருத்தித்துறையில் இருந்த காலத்தில், ஒரு யூன் மாதக் காலைப்பொழுதில், அவரது பணியாளரான முத்து என்பவர் அதுவரை அறியப்படாத ஒரு சிறு பறவையைப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். லேயாட் 1854இல் அப்பறவையை விவரித்தபோது முத்துவின் பெயரையே அதற்குச் சூட்டினார். மண்ணிற மார்புடைய அந்த ஈப்பிடிப்பானின் இலத்தீன் பெயரின் பிற்பகுதி இன்றும் ‘முத்துயி’ என்றே வழங்குகின்றது.

இச்செய்தி பறவை பற்றியதேயாயினும், வண்ணத்துப்பூச்சிகளின் வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கும் இன்றியமையாதது. சேகரிப்பு என்பது துரைமாரின் பெயரால் அறியப்பட்டாலும், பற்றைக்குள் இறங்கி, எந்தப் பூச்சி எந்தச் செடியில் எந்த நேரத்தில் அமரும் என அறிந்து வலையை வீசியவர்கள் பெரும்பாலும் உள்ளூர்ப் பணியாளரே. ஒரு முத்துவின் பெயர் பறவையொன்றின் பெயரோடு ஒட்டிக்கொண்டு நிலைத்துவிட்டது. ஏனையோரின் பெயர்கள் பெட்டியினுள் ஊசியிற் குத்தப்பட்ட பூச்சியின் சிறு சீட்டிலேனும் இடம்பெறவில்லை.

இலங்கைச் செதிற்சிறகிகள் பற்றிய முதற் பெருநூல் பிறெடெறிக் மூர் எழுதியதாகும். 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக இலண்டனில் அது வெளிவந்தது. இந்நூலின் பெருமைக்குக் காரணமாயிருப்பவை இருநூறுக்கும் மேற்பட்ட அதன் வண்ணப்படத் தகடுகள். அவற்றுக்கு மூலமான ஓவியங்கள் பேராதனைப் பூங்காவிலே துவைற்சு என்னும் அறிஞரின் மேற்பார்வையில் வரையப்பட்டன. வரைந்தோர் வில்லியம் டி அல்விஸ், யோர்ஜ் டி அல்விஸ் ஆகிய சிங்களச் சகோதரர்கள். இவர்களின் தந்தையார் ஹர்மானிஸ் டி அல்விஸ் அதே பூங்காவில் நெடுங்காலம் ஓவியராகப் பணிபுரிந்தவர். இறந்த பூச்சியை மட்டுமன்றி, குடம்பியையும் கூட்டுப்புழுவையும் அவை உண்ணும் செடியையும் உயிரோடு கண்டு வரைந்தமையே இவ்வோவியங்களின் சிறப்பு. ஊசியிற் குத்தப்பட்ட பூச்சி தன் உணவுச் செடியைப் பற்றி எதுவும் சொல்லாது. அல்விஸ் சகோதரரின் ஓவியம் அதனைச் சொல்லிற்று. இன்று நிழற்படத்திடம் எதிர்பார்க்கப்படும் பணியை அன்று தூரிகை ஆற்றிற்று.

அக்காலத்து யாழ்ப்பாணம் அறிவியலுக்குப் புறம்பான நாடன்று. வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல் தொடங்கி 1855வரை இயற்கை விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் போதித்தது. 1847இல் வந்து மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்த வைத்தியர் கிறீன், உடற்கூறும் மருத்துவமும் பற்றிய நூல்களைத் தமிழில் ஆக்கி, 1873இல் நாடு திரும்புமுன் ஆயிரக்கணக்கான பக்கங்களை அச்சேற்றினார். மனித உடலின் எலும்புகளுக்கும் நரம்புகளுக்கும் தமிழ்ப்பெயர் கண்ட அதே மண்ணில், வேலியோர வண்ணத்துப்பூச்சிக்கு அத்தகைய முயற்சி நிகழவில்லை. மருத்துவத்திற்கு உடனடிப் பயன் இருந்தது. பூச்சிக்கு அது இருக்கவில்லை. இதிலே குறைகாண்பதற்கு எதுவுமில்லை. ஆயின், விளைவு நீண்டகாலம் நீடித்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

மலைநாட்டு நூல்களும் வடக்கின் வெற்றிடமும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே இலங்கை வண்ணத்துப்பூச்சிகள் பற்றி இரு நூல்கள் வெளிவந்தன. ஓர்மிஸ்ரன் எழுதிய நூல் 1924இலும், நில அளவை அதிபதியாக இருந்த வூட்ஹவுசும் கொழும்பு நூதனசாலையைச் சேர்ந்த ஓவியரும் பூச்சியியலாளருமான ஹென்றியும் இணைந்து ஆக்கிய நூல் 1942இலும் வெளியாகின. பின்னதே ஏறக்குறைய இரு தலைமுறைகளுக்குக் கைநூலாக விளங்கிற்று.

இந்நூல்களுக்கு ஆதாரமான சேகரிப்புகளை நோக்கின் ஓர் உண்மை புலனாகும். சேகரித்தோரிற் பெரும்பாலார் தேயிலைத் தோட்டங்களிலும் பேராதனையிலும் கொழும்பிலும் வாழ்ந்தவர்கள். தாம் வாழ்ந்த இடத்தையே அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். ஈரவலயமும் மலைநாடும் இனங்களால் செறிந்தவை என்பதும் உண்மை. ஆகவே அப்பகுதிகளின் பதிவு செறிவாகவும், வடக்கின் பதிவு உத்தியோக நிமித்தம் வந்து சென்றோரின் குறிப்புகளாகவும் அமைந்தது. இனங்கள் குறைந்த நிலம் என்பதனாலேயே அந்நிலம் ஆய்வுக்கு உரியதன்று என்றாகிவிடாது. வரண்ட கரையோரத்துக்கே உரிய சிறப்பினங்கள் மலைநாட்டிற் கிடையா.

குடாநாட்டிலும் காணப்படும் ஓர் எளிய பூச்சி உலக அறிவியலுக்கு ஆற்றிய பணியை இங்குச் சுட்டுதல் பொருந்தும். கறிவேப்பிலை மரத்திற் குடம்பிப் பருவத்தைக் கழிக்கும் பொலிற்றெஸ் இனத்தின் பெண்கள் ஒரே வடிவின அல்ல. ஒரு வடிவம் ஆணை ஒத்தது. வேறொன்று செவ்வுடலுடைய எக்டரைப் போன்று தோற்றமளிப்பது. எக்டரின் குடம்பி ஈசுரமூலி வகைச் செடிகளை உண்டு நஞ்சை உடலிற் சேர்ப்பதால் பறவைகள் அதனைத் தவிர்க்கின்றன; நஞ்சற்ற பொலிற்றெஸ் பெண் அதன் வேடத்தைப் பூண்டு தப்பிக்கின்றது. இதன் மரபுரிமையை அறியும்பொருட்டு பிறையர் என்னும் ஆய்வாளர் 1910களில் இலங்கையிலே இப்பூச்சியைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து ஆராய்ந்தார். நூறாண்டுகளின் பின்னர், 2014இல், பெங்களூர் ஆய்வாளர் ஒருவரின் தலைமையில் வெளிவந்த ஆய்வு இவ்வேடத்தை ஒரேயொரு பரம்பரையலகே ஆள்கின்றது என நிறுவிற்று. கிணற்றடிக் கறிவேப்பிலையில் முட்டையிடும் ஒரு பூச்சி, இவ்வாறு, கூர்ப்புக் கொள்கையின் முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாயிற்று.

கமராவின் வருகை

நிழற்படக் கலை இலங்கைக்குப் புதிதன்று. புகழ்பெற்ற ஆங்கிலேய நிழற்படக் கலைஞரான யூலியா மார்கிறட் கமெரன் 1875 முதல் 1879இல் இறக்கும்வரை இத்தீவில் வாழ்ந்து, இங்குள்ள மக்களைப் படம்பிடித்தார். ஆயின், அக்காலத்துக் கண்ணாடித் தகடுகள் நெடுநேரம் ஒளியை வேண்டி நின்றன. அசையாது அமர்ந்திருக்கும் மனிதரைப் படமாக்குவதே அரிதாயிருந்தபோது, சிறகசைக்கும் வண்ணத்துப்பூச்சியைப் படமாக்கல் எண்ணத்துக்கும் எட்டாததாயிருந்தது. இங்கிலாந்திலே கீற்றன் சகோதரர் 1895இல் பறவைக்கூடுகள் பற்றிய நூலொன்றை முழுவதும் நிழற்படங்களைக் கொண்டே வெளியிட்டபோதுதான், இயற்கை நூலுக்கு ஓவியம் இன்றியமையாததன்று என்னும் எண்ணம் வேரூன்றத் தொடங்கிற்று.

வண்ணத்துப்பூச்சிக்கு நிறமே அடையாளம். ஆதலின், கருப்பு வெள்ளைப் படம் அதற்குப் போதாது. 1935இல் கொடக் நிறுவனம் வண்ணப் படச்சுருளைச் சந்தைக்குக் கொணர்ந்தது; வில்லையினூடாகவே காட்சியைக் காணும் கமராக்களும், மிக அண்மையிலுள்ள பொருளைப் படமாக்கும் வில்லைகளும் அடுத்த இரு பதின்மங்களில் வளர்ச்சியடைந்தன. இம்மூன்றும் இணைந்த பின்னரே உயிருள்ள வண்ணத்துப்பூச்சியை அதன் இருப்பிடத்திற் படம்பிடித்தல் இயல்வதாயிற்று. ஆயினும் அது எளிதாயிற்று என்று கூறல் பொருந்தாது. அண்மைப் படத்திலே துலக்கமாய்த் தெரியும் ஆழம் சில மில்லிமீற்றர் மட்டுமே. ஒரு சிறகு துலங்கினால் மறு சிறகு மங்கும். பூச்சியின் சிறகுத் தளத்துக்குக் கமரா நேராக நின்றாலன்றி முழு உருவமும் கிடைக்காது.

தமிழர் மத்தியில் இத்துறையின் முன்னோடி மா. கிருஷ்ணன் ஆவார். நாவலாசிரியர் மாதவையாவின் மகனான அவர் 1912இற் பிறந்து 1996இல் மறைந்தார். 1950 முதல் இறக்கும்வரை கல்கத்தாப் பத்திரிகையொன்றில் இயற்கை பற்றிய பத்தியைத் தொடர்ந்து எழுதினார், தமிழிலும் எழுதினார், பல கமராக்களின் பகுதிகளை ஒட்டிணைத்துத் தாமே அமைத்த கருவியாற் காட்டு விலங்குகளைப் படம்பிடித்தார். அவரது ஈடுபாடு பெரிதும் யானை முதலிய விலங்குகளிலும் பறவைகளிலும் இருந்தது. எனினும், வீட்டு முற்றத்து உயிரினமும் நுண்ணிய பதிவுக்குரியது என்பதைத் தம் எழுத்துகளால் நிறுவியவர் என்னும் வகையில் அவர் இங்கு நினைவுகூரத் தக்கவர்.

யாழ்ப்பாண நகரத்து நிழற்பட நிலையங்கள் நெடுங்காலம் திருமணத்தையும் குடும்பத்தையும் கல்லூரிக் குழுக்களையுமே படம்பிடித்தன. படச்சுருள் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகள் அதனை மேலும் அரிதாக்கின. ஒரு சுருளில் முப்பத்தாறு படங்கள். அவற்றை ஒரு பூச்சிக்குச் செலவிட வசதியுடையோர் சிலரே. எனினும் அக்காலத்திலேயே வெளிக்களக் கல்வி வேரூன்றத் தொடங்கியிருந்தது. தொண்டைமானாற்று வெளிக்கள நிலையம் என்னும் பெயரே, வகுப்பறைக்கு வெளியே உயிரினங்களை அவற்றின் இடத்திற் கண்டு கற்கவேண்டும் என்ற நோக்கத்தைப் புலப்படுத்துகின்றது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கப்பட்டு, 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வடக்கின் வெற்றிடத்தை வடக்கிலுள்ளோரே நிரப்புவதற்குரிய வாய்ப்பு அப்பொழுதுதான் முதன்முறையாகத் தோன்றிற்று.

பாதை மூடப்பட்ட காலம்

அவ்வாய்ப்பு நிலைபெறுமுன் போர் வந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. 1990இன் பின் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றி இருந்தது. பொருளாதாரத் தடையின்கீழ் மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் பெயர்ந்தனர். குடும்பத்து நிழற்படங்களையே எடுத்துச் செல்ல முடியாத அவ்வேளையில் பூச்சிகளின் படங்கள் எம்மாத்திரம்? 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்குக் கரையைத் தாக்கியது.

அக்காலத்தில் ‘பாதை’ என்ற சொல்லின் பொருளும் மாறிற்று. அடையாளமிட்ட வழியை விட்டு விலகிப் பற்றைக்குள் ஓரடி வைத்தல் உயிராபத்தாயிற்று. வலிகாமம் வடக்கில் உயர்பாதுகாப்பு வலயமாக்கப்பட்ட நிலங்களும், முகமாலையின் முன்னரங்கப் பகுதிகளும் கண்ணிவெடிகளையும் வேலிகளையும் தாங்கிக் காடாயின. மனிதர் அகன்ற இடத்திற் செடிகொடிகள் பெருகின. அவற்றை நாடிப் பூச்சிகளும் பெருகியிருத்தல் கூடும். ஆயின், அது கொண்டாடத்தக்க பெருக்கமன்று. அது இடம்பெயர்ந்தோரின் முற்றங்களிலும் தோட்டங்களிலும் வளர்ந்த பற்றையாகும்.

2009 மே மாதத்திற் போர் முடிந்தபோது, பதிவில் ஏறத்தாழ ஒரு தலைமுறைக் கால இடைவெளி ஏற்பட்டிருந்தது. இழப்பின் தன்மையைச் சரியாக விளங்கிக்கொள்ளல் வேண்டும். ஓர் இனம் இன்று ஓரிடத்திற் காணப்படாவிடின், அது எப்போதும் அங்கு இருக்கவில்லையா, போர்க்காலத்தில் மறைந்ததா, போரின் பின்னர் நிலம் மாறியமையால் மறைந்ததா எனத் தீர்மானிப்பதற்கு முந்திய பதிவு வேண்டும். அது இல்லாதவிடத்து, மறைவுங்கூட மறைந்துபோகின்றது.

பாதையோரச் செடிகள்

வண்ணத்துப்பூச்சியின் வரலாறு பெரிதும் செடியின் வரலாறே. ஒவ்வோர் இனத்தின் குடம்பியும் குறித்த சில செடிகளையன்றி வேறெதனையும் உண்ணாது. ஆதலின், பாதையோரத்துச் செடிகளை அறிந்தவனே அங்குப் பறக்கும் பூச்சிகளை முன்கூட்டியே உய்த்துணர வல்லவன்.

குடாநாட்டுச் சமையலறைக்கும் பூச்சிகளின் உணவுக்கும் உள்ள ஒற்றுமை வியப்புக்குரியது. வறைக்கு உதவும் குறிஞ்சா இலை நீல வரிகளுடைய ‘லிம்னியாசே’ இனத்தின் குடம்பிக்கு உணவு. மருந்தும் கறியுமாகிய விழுதி, சிறகு நுனி செந்நிறமான கொலோட்டிஸ் டனாயேக்கு உணவு. கறிவேப்பிலை பொலிற்றெசுக்கும், எலுமிச்சையும் விளாத்தியும் டெமோலியசுக்கும் உரியன. ஆமணக்கில் ‘அரியாட்னே’யும், ஆவரசிலும் கொன்றையிலும் இடம்பெயர் பூச்சிகளாகிய ‘கற்றொப்சிலியா’ இனங்களும் வளர்கின்றன. குடாநாட்டின் அடையாளமாகிய பனையோலையையும் உண்ணும் பூச்சி உண்டு. ‘சுவாஸ்ரஸ்’ எனப்படும் சிறிய பழுப்புநிற இனம் அதுவே.

கரையோர உவர்நிலத்திலே உகாய் மரமும், சங்கஞ்செடி எனவும் வழங்கும் இசங்கும் வளர்கின்றன. உகாய் சங்ககாலப் பாலைத்திணைப் பாடல்களிற் பேசப்படும் மரம். இவ்விரண்டையும் நம்பி வாழ்வது கொலோட்டிஸ் அமாட்டா; இளஞ்சிவப்புக் கலந்த மஞ்சள் நிறமும் கரிய விளிம்பும் உடையது. மலைநாட்டுப் பாதைகளில் எத்தனை நாள் நடந்தாலும் காணக்கிடையாத இப்பூச்சி, வடக்கின் முட்பற்றைகளிலே வெயில் ஏற ஏறத் தாழப் பறந்து திரியும்.

தோட்ட நிலத்திற் பசளைக்காக விதைக்கப்படும் சணலும், தரிசில் வளரும் கிலுகிலுப்பையும் தேட்கொடுக்கியும் வேறொரு காட்சிக்கு இடமளிக்கின்றன. எருக்கலை, குறிஞ்சா ஆகியவற்றில் வளர்ந்த இனங்களின் ஆண்கள், இச்செடிகளின் வாடிய பகுதிகளை மொய்த்து ஒருவகை இரசாயனப் பொருளை உறிஞ்சுகின்றன. பெண்ணைக் கவரும் மணத்தை ஆக்குவதற்கு அப்பொருள் வேண்டும். மழைக்குப்பின் ஈரமண்ணிற் கூட்டமாய் அமர்வனவும் பெரும்பாலும் ஆண்களே. அவை உப்பை நாடுவன. படம்பிடிப்போருக்கு இவ்விரு சந்தர்ப்பங்களும் வாய்ப்பானவை, உறிஞ்சுவதில் ஈடுபட்ட பூச்சி ஆளை எளிதிற் பொருட்படுத்தாது ஆகையால்.

இச்செடிகளிற் பெரும்பாலானவை பயிரல்ல, காட்டுமரங்களுமல்ல. கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியன கதியால்களாய் நின்ற உயிர்வேலியிலே படர்ந்தும், வேலியடியில் முளைத்தும், கோயில் வளவுகளிலும் குளக்கட்டுகளிலும் எஞ்சியும் வாழ்வன. போரின் பின் ஏற்பட்ட மீள்குடியேற்றத்தோடும் வெளிநாட்டு உறவினரின் பண உதவியோடும் உயிர்வேலிகள் சீமெந்து மதில்களாக மாறி வருகின்றன. மதில் கட்டுவோரைக் குற்றஞ் சொல்லல் நீதியன்று. எல்லாவற்றையும் ஒருமுறை இழந்தவர்கள் பாதுகாப்பை நாடுதல் இயல்பே. எனினும், வேலி மதிலாகும்போது குறிஞ்சாவும் விழுதியும் போகின்றன. அவற்றோடு அவற்றின் பூச்சிகளும் போகின்றன. சுண்டிக்குளமும் நெடுந்தீவின் ஒரு பகுதியும் 2015இல் தேசியப் பூங்காக்களாகப் பிரகடனம் செய்யப்பட்டன. ஒழுங்கை வேலியைப் பாதுகாக்கும் சட்டம் எதுவும் இல்லை, இருத்தலும் அரிது.

நிழற்படம் சான்றாகும் நிலை

இலக்கமுறைக் கமராவும் கைத்தொலைபேசியும் படச்சுருளின் தட்டுப்பாட்டை நீக்கின. ஒரு காலை நடையில் நூறு படங்கள் எடுத்தலும் இன்று செலவற்றது. ஆயின், படங்கள் பெருகுவதாற் சான்றுகள் பெருகுவதில்லை. திகதியும் இடமும் அறியப்படாத அழகிய படம் சுவரில் மாட்டுவதற்கு உரியது, வரலாற்றுக்கு உரியதன்று. ஊசியிற் குத்தப்பட்ட பழைய பூச்சியின் பெறுமதி அதன் சிறகிலன்றி, அதன் கீழுள்ள சீட்டிலேயே தங்கியிருந்தது. அவ்விதி நிழற்படத்துக்கும் பொருந்தும். திகதி, நேரம், ஊர், அமர்ந்த செடி, முட்டையிட்டதா தேன் குடித்ததா என்ற குறிப்பு ஆகியவை படத்தோடு இணைந்தே இருத்தல் வேண்டும்.

எப்பக்கம் படம்பிடிக்கப்பட்டது என்பதும் முக்கியமானது. எருக்கலையில் வளரும் கிறிசிப்பசையும் அதன் வேடம் பூண்ட ‘மிசிப்பஸ்’ பெண்ணையும் வேறுபடுத்துவது பின்சிறகின் நடுவிலுள்ள கரும்புள்ளிகளே. எக்டரையும் அதன் வேடம் பூண்ட பொலிற்றெஸ் பெண்ணையும் வேறுபடுத்துவது உடலின் நிறம். முன்னதற்குச் சிவப்பு, பின்னதற்குக் கருமை. மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் உடலும் தெரியுமாறு எடுத்த எளிய மூன்று படங்கள் கலைநயமிக்க ஒரு படத்தினும் மேலானவை. நிழற்படத்துக்கு எல்லையும் உண்டு. சிறிய நீலநிற இனங்கள் சிலவற்றை உள்ளுறுப்பை ஆராய்ந்தாலன்றி இனங்காணல் இயலாது. அங்கு நூதனசாலையின் சேகரிப்பு இன்றும் வேண்டப்படுகின்றது. எனினும், உயிரைப் போக்காது பதிவுசெய்யும் வழி பெரும்பாலான இனங்களுக்கு இன்று திறந்துள்ளது.

இம்மாற்றத்தின் பயனை அண்மை நூல்களிற் காணலாம். 2016இல் வன் டெர் பூர்ட்டன் இணையர் வெளியிட்ட இலங்கை வண்ணத்துப்பூச்சிகள் பற்றிய பெருநூல், இனங்களின் குடம்பிப் பருவங்களையும் உணவுத் தாவரங்களையும் நிழற்படங்களோடு விவரிக்கின்றது. அல்விஸ் சகோதரர் தொடங்கிய பணியைக் கமரா தொடர்ந்தமைக்கு அது சான்று. 2012இன் தேசியச் சிவப்புப் பட்டியல் 245 வண்ணத்துப்பூச்சி இனங்களை மதிப்பிட்டது. அத்தகைய மதிப்பீடு எதுவும் எத்தனை இடங்களில், எத்தனை ஆண்டுகள், எத்தனை பேர் நடந்து பார்த்தனர் என்பதையே இறுதியில் நம்பி நிற்கின்றது.

பெயர் பற்றிய பணியும் எஞ்சியுள்ளது. தமிழகத்து ஆர்வலர் டெமோலியசை ‘எலுமிச்சை அழகி’ என்றும், எக்டரைச் ‘சிவப்புடல் அழகி’ என்றும், கிறிசிப்பசை ‘வெந்தய வரியன்’ என்றும் வழங்குகின்றனர். 2019இல் தமிழ்நாடு அரசு ‘தமிழ் மறவன்’ என்னும் இனத்தை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. ஈழத்து ஊர்களிலே முதியோர் நாவில் வழங்கும் பூச்சிப் பெயர்களும் செடிப் பெயர்களும் தொகுக்கப்படுமாயின், இப்பெயர்ப் பட்டியல் மேலும் வளம்பெறும். அதற்குக் கமராவைவிடக் குறிப்பேடே தேவை.

லினேயசு தொடக்கம் வூட்ஹவுசு வரை இம்மண்ணின் வண்ணத்துப்பூச்சிகளை எழுதியோர் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தோர், அல்லது இங்கு வராதோர். அவர்களின் உழைப்பின்றி இன்று பெயரும் இல்லை. ஒப்பிடுவதற்கு அடிப்படையும் இல்லை. ஆயின், ஓர் ஒழுங்கையை ஆண்டு முழுவதும், ஆண்டாண்டாக, நடந்து பார்ப்பது அவ்வொழுங்கையில் வாழ்வோருக்கே இயலும். பருத்தித்துறைக் காலைப்பொழுதில் முத்து அறிந்திருந்தவை எவையென இன்று கேட்டறிய வழியில்லை. அவர் எழுதவில்லை, எழுதுமாறு கேட்டவரும் இல்லை. இன்று நடப்போர் கையிற் கமராவும் எழுத்தும் உள்ளன. வேலியில் எஞ்சியிருக்கும் குறிஞ்சாக் கொடியும் அதில் அமரும் பூச்சியும் திகதியோடும் ஊர்ப்பெயரோடும் பதியப்படுமாயின், அடுத்த தலைமுறையினர் அவை இருந்தனவா என வினவவேண்டிய நிலை ஏற்படாது.